மாசானம் சைக்கிள் பார்த்த படலம்

தென்காசியிலிருந்து செங்கோட்டை போகிற ரோட்டில், ஒரு தகர ஷெட்டில், மாஸ்டர் ஒருத்தர் இருந்தார். சைக்கிள் மாஸ்டர். பேர் பிலோமினா. முப்பத்தைந்து வயசு தாண்டியிருக்காது. ஒரு காலத்தில் பந்தயத்தில் ஓட்டின கால். மூட்டு கெட்டதும் பந்தயத்தை விட்டுவிட்டு, ஊர்விட்டு ஊர் சைக்கிளில் போக ஆசைப்படுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்துவிட்டார்.

சீடர்கள் எல்லாம் அவரைவிட மூத்த ஆட்கள். கல்யாண மண்டபக்காரர் உண்டு, பல் டாக்டர் உண்டு, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் உண்டு. வெளியே அவரவர் பெரிய மனுசர். ஷெட்டுக்குள் கால் வைத்தால் எல்லார் வாயிலும் 'மாஸ்டர்' என்றுதான் வரும்.

மாஸ்டருக்கு ஒரு பழக்கம். எதைக் கேட்டாலும் சட்டென்று பதில் சொல்லமாட்டார். செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தால் விட்டு முடித்துத்தான் நிமிர்வார். அதற்குள் பாதிப் பேருக்குக் கேட்ட கேள்வியே மறந்துபோயிருக்கும்.

மாசானத்துக்கு மட்டும் மறக்காது.

மாசானமுத்துவுக்குக் கடைவீதியில் கண்ணாடிக் கடை. கண் பரிசோதனைக்கு வருகிறவர்கள் மூக்கில் வட்டக் கம்பியை மாட்டிவிட்டு, சில்லை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா?" என்று நாளெல்லாம் கேட்பதுதான் அவருக்குத் தொழில். கேட்டுக் கேட்டு அந்தக் கேள்வி அவருக்குள்ளேயே குடியேறிவிட்டது. ஓட்டலில் தோசைக்கும் ஊத்தப்பத்துக்கும் நடுவில் அவர் படுகிற பாட்டைப் பார்த்து, சப்ளையர் வேறு மேசைக்குப் போய்விட்டு வருவார்.

இப்பேர்ப்பட்டவருக்குச் சைக்கிள் வாங்குகிற வேலை வந்து சேர்ந்தது.

வந்தது அவர் மனைவி இசக்கியம்மாளால். இசக்கி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். ராத்திரி டூட்டி, பகல் டூட்டி என்று இத்தனை வருசம் ஓடிவிட்டு, போதும் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்தவளுக்கு ஒரே ஓர் ஆசை. மலையைத் தாண்டிக் கொல்லத்துக்குப் போகணும். கடலில் காலை நனைக்கணும். அப்படியே கரையோரமாகவே கன்னியாகுமரி வந்து, வீடு திரும்பணும். பஸ்ஸில் இல்லை, காரில் இல்லை, சைக்கிளில். அவளும் அவரும் மட்டும். பொங்கல் கழிந்ததும் வருகிற திங்கட்கிழமை கிளம்புவது என்று ரெண்டு பேருமாகப் பேசி முடிவு பண்ணினார்கள். அதை விட்டால் வெயில் வந்துவிடும்.

இசக்கி ஒரு காலை நேரத்தில் சைக்கிள் வாங்கிவிட்டாள். கடைக்காரர் எடுத்துக்கொடுத்ததில் ஏறி, தெருவின் அந்தக் கடைசி வரை போய் வந்தாள். காலை ஊன்றிக்கொண்டு, "இது போதும்" என்றாள். அவ்வளவுதான்.

மாசானம் தேடத் தொடங்கினது அன்றைக்கு.

அவருக்கு வேண்டியது என்ன வகை என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. கடைக்காரர்கள் எண்டூரன்ஸ் என்கிறார்களே, அது. பந்தயக்காரர்கள் மாதிரி மூக்கு முட்டக் குனிய வேண்டாம். நாள் முழுக்க உட்கார்ந்து மிதித்தாலும் கழுத்தும் இடுப்பும் முனகாது. அதிலேயே பின்னால் ரெண்டு பை மாட்டி ஊர் சுற்ற வசதி இருக்கணும். வகை தெரிந்துவிட்டது. அந்த வகையில் எது என்பதில்தான் சிக்கல்.

முதலில் ஒன்று வாங்கவும் செய்தார். வாங்கி வந்த மறுவாரமே அதில் கேரியர் மாட்டத் துளை இல்லை என்பது தெரிந்தது. அதைப் பல் டாக்டர் தலையில் கட்டினார். அதற்கப்புறம் மதுரை போனார், கோயமுத்தூர் போனார், கொச்சி வரைக்கும் போனார். போகிற கடையில் எல்லாம் அவர் செய்கிற முதல் காரியம், சைக்கிளின் குறுக்குக் கம்பிக்கு அடியில் ஒற்றை விரலைக் கொடுத்துத் தூக்கிப் பார்ப்பது. சைக்கிள் பைத்தியம் பிடித்த எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். தூக்கிவிட்டு, கண்ணை மூடி, தலையை ஆட்டுவார். ஒன்றில் டயர் ஒல்லி. ஒன்றில் மலை ஏறுகிற அளவுக்குச் சின்ன கியர் இல்லை. ஒன்று எல்லாவற்றிலும் சரியாக அமைந்துவிட்டது. இதைவிட நல்லது அடுத்த மாசம் இறங்குதாமே என்று விட்டுவிட்டு வந்தார்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. கடையில் ஒரு கிழவிக்குத் தூரப்பார்வைக் கண்ணாடிக்குப் பதில் கிட்டப்பார்வைக் கண்ணாடியைக் கொடுத்து அனுப்ப, அவள் படியில் தடுக்கி விழப் பார்த்தாள். உடம்பு ஓர் இடத்தில், மனசு டயரில்.

ஒருநாள் ஷெட்டுக்கு வந்து கேட்டேவிட்டார்.

"மாஸ்டர், எனக்கு எந்த சைக்கிள் சரி?"

மாஸ்டர் ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கோணல் பார்த்துக்கொண்டிருந்தார். சக்கரம் நின்றதும் கேட்டார்.

"எங்க போறீக அண்ணாச்சி?"

"கார்பன் ஃப்ரேம்னா எடை கம்மி, ஆனா கல்லு பட்டா பயம். ஸ்டீல்னா..."

"எங்க போறீக?"

"கொல்லம்."

"போயி?"

"கடலு."

"யாரு கூட?"

"இசக்கி கூடத்தான்."

மாஸ்டர் தலையாட்டிவிட்டு மறுபடி சக்கரத்தைச் சுற்றிவிட்டார். மாசானம் வெகுநேரம் நின்று பார்த்தார். பதில் வரவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லாத மாஸ்டர் என்ன மாஸ்டர் என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

அடுத்த தடவை போனபோது மாஸ்டர் கொஞ்சம் இளகினார். டயர் கொஞ்சம் அகலமாகவே இருக்கட்டும், காற்றைக் கல்லு மாதிரி அடைக்க வேண்டாம் என்றார். ஹேண்டில் உயரம் வயிற்றுக்கு எதிரி ஆகக்கூடாது என்றார். கொண்டுபோகிற சாமான் எவ்வளவு என்று கேட்டார். எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். மாசானம் பையை நிரப்பிக்கொண்டு வந்தார். ஷெட்டில் இருந்ததிலேயே லேசான சைக்கிளில் மாஸ்டர் அந்தப் பையை மாட்டினார்.

"இப்பத் தூக்குங்க. விரலு போதுமா, கை வேணுமா?"

ரெண்டு கை வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்ற கணக்கு வாத்தியார் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடிக்கிற மாதிரி திரும்பிக்கொண்டார்.

மாஸ்டர் எதற்காக அதைச் செய்தாரோ, மாசானம் புரிந்துகொண்டது வேறு. வீட்டுக்குப் போய்ப் பையைக் கொட்டி, எடையைக் குறைக்க உட்கார்ந்துவிட்டார். சட்டையில் உள்பையை வெட்டினார். சோப்பைப் பாதியாக நறுக்கினார். பல் தேய்க்கிற பிரஷ்ஷின் காம்பை ரம்பத்தால் அறுத்து, விரல் நீளத்துக்கு ஆக்கினார். அறுத்த துண்டு தரையில் கிடப்பதை இசக்கி பார்த்தாள்.

"இத்தனை எடைக் கணக்கு பாக்கீகளே, அந்தத் தொந்தியை யாரு சொமக்கப்போறா?" என்றாள். அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் போகும்போது அந்தப் பிரஷ் துண்டை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஒருவழியாக எல்லாம் கழிந்து கழிந்து, ரெண்டில் வந்து நின்றது. ஒன்று கார்பன், கறுப்பு. இன்னொன்று ஸ்டீல், பச்சை. ரெண்டிலும் கேரியர் மாட்டலாம். ரெண்டிலும் மலைக்குரிய கியர் உண்டு. ரெண்டுமே உட்கார்ந்தால் வீட்டு நாற்காலி மாதிரி இருக்கிறது. திருநெல்வேலிக் கடைக்காரர் பழக்கத்துக்காக ரெண்டையும் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்; மாசானத்தின் தொல்லை தாங்காமல் கொடுத்தார் என்றும் சொல்லலாம். காலையில் கறுப்பு, சாயங்காலம் பச்சை. மறுநாள் காலையில் பச்சை, சாயங்காலம் கறுப்பு. கறுப்பில் ஏறினால் பச்சை நல்லது என்று தோன்றும். பச்சையில் ஏறினால் கறுப்பு கூப்பிடும்.

ரெண்டையும் ஷெட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்து மாஸ்டர் முன்னால் நிறுத்தினார்.

"இதா, இதா? ஒரே ஒரு வார்த்தை."

மாஸ்டர் எழுந்து துணியில் கையைத் துடைத்தார்.

"உங்க கடையில சில்லு மாத்திப் போடுதீக. வந்தவங்க, ரெண்டும் ஒண்ணு போலத்தான் தெரியுதுன்னு சொன்னா என்ன செய்வீக?"

"அதுல என்ன, ரெண்டுல ஒண்ணை மாட்டி அனுப்பிருவேன். எதைப் போட்டாலும் பார்வை தெரியும்."

சொல்லிவிட்டு மாசானம் தன் காதாலேயே அதைக் கேட்டார். கேட்டும் என்ன செய்ய? அடுத்தவர் கண் என்றால் லேசாக முடிகிறது. ரெண்டு சைக்கிளையும் ரெண்டு கையில் பிடித்துக்கொண்டு, ரெண்டு பக்கமும் இடித்துக்கொண்டு திரும்பிப் போனார்.

பொங்கல் வந்தது, போனது. பயணத்துக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் மாசானம் கடையைச் சாத்திவிட்டு வந்தபோது, நடுக்கூடத்தில் இசக்கி உட்கார்ந்து பை கட்டிக்கொண்டிருந்தாள். அவருடைய பையும் பக்கத்தில் திறந்து கிடந்தது. டயருக்குக் காற்றடிக்கிற பம்பும், பஞ்சர் ஒட்டுகிற சாமானும் ரெண்டு பேருக்கும் பொது. எடை அவர் பக்கம் போகட்டும் என்று அவர் பையில்தான் வைத்திருந்தார்கள். இசக்கி அதை எடுத்து, துடைத்து, தன் பைக்குள் வைத்தாள்.

என்ன இது என்று மாசானம் கேட்டார்.

"நான் திங்கட்கிழமை கிளம்புதேன். நீங்க எதையாவது ஒண்ணை முடிவு பண்ணிட்டு, நான் இருக்கிற இடத்துல வந்து சேந்துக்கிடுங்க." கோபமாகச் சொல்லவில்லை. வார்டில் மருந்து நேரம் சொல்லுகிற குரலில் சொன்னாள்.

தனியாகவா என்று கேட்டார். தனியாகத்தான் என்றாள். சாப்பாடு போட்டாள். சாப்பிட்டார்.

விடிந்ததும் விடியாததுமாக ரெண்டு சைக்கிளையும் உருட்டிக்கொண்டு ஷெட்டில் போய் நின்றார் மாசானம். முகத்தில் சவரம் இல்லை. சட்டையில் ஒரு பொத்தான் மாறிக் கிடந்தது. இனிமேல் யோசிக்கத் தெம்பு இல்லை, நீங்க எதைக் கைகாட்டுதீகளோ அதையே வாங்கிடுதேன், அது ஓட்டை உடைசலாக இருந்தாலும் சரி என்றார். அவ போயிருவா மாஸ்டர் என்றார்.

மாஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ரெண்டு சைக்கிளிலும் பையை மாட்டுங்க, புளியரை மேட்டுக்குப் போவோம் என்றார்.

புளியரை தாண்டினால் கேரளத்துக்கு ஏறுகிற மலை ரோடு. பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து ஏறும். வைக்கோல் ஏற்றின லாரிகள் ரெண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, மனுசன் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து போகும். மாஸ்டர் கறுப்பில் போனார், மாசானம் பச்சையில் போனார். அடிவாரம் வரைக்கும் மாசானம் வாய் ஓயவில்லை. கறுப்பு எப்படி இருக்கு, குலுக்குதா, கை மரக்குதா என்று கேட்டுக்கொண்டே வந்தார். மாஸ்டர் வயலையும் கொக்கையும் பார்த்துக்கொண்டு வந்தார்.

மேடு தொடங்கியது. முதல் வளைவு ஏறினார்கள். அடுத்ததும் ஏறினார்கள். மாசானத்துக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். அதற்கடுத்த வளைவில் மாஸ்டர் சைக்கிளை ஓரம் கட்டி, காலைத் தூக்கிப் போட்டு, இறங்கினார்.

மாசானம் கொஞ்ச தூரம் தாண்டிப் போய்த்தான் அதைக் கவனித்தார். அவருக்கு நம்ப முடியவில்லை. பந்தயத்தில் ஓட்டின ஆள். இந்த மேட்டைப் பேசிக்கொண்டே ஏறுவார் என்று ஷெட்டில் எல்லாரும் சொல்லுவார்கள். மாஸ்டர் நடக்கும்போது சீடன் முன்னால் ஓட்டிக்கொண்டு போவது நல்லா இருக்காது என்று அவரும் இறங்கினார். அவர் இறங்கினது மரியாதைக்குத்தான் என்று அவரே தனக்குச் சொல்லிக்கொண்டார். முழங்கால் ரெண்டும் வேறு சொல்லின.

"மூட்டு வலிக்கா, மாஸ்டர்?"

"இல்ல."

மாஸ்டர் தள்ளிக்கொண்டு வந்து அவருக்குப் பக்கத்தில் சேர்ந்துகொண்டார். ரெண்டு பேரும் நடந்தார்கள். சபரிமலைக்குப் போய்விட்டுத் திரும்புகிற வேன் ஒன்று எதிரே இறங்கி வந்தது. ஜன்னலில் தலையை நீட்டின ஒருத்தன், "என்னக்கா, பஞ்சரா?" என்று கேட்டான்.

"இல்ல தம்பி. மேடு" என்றார் மாஸ்டர்.

மாசானத்துக்கு உடம்பு கூசியது. தலையைக் குனிந்துகொண்டார். மாஸ்டரோ அந்தத் தம்பிக்குக் கை காட்டிவிட்டு, சாவகாசமாக நடந்தார்.

கொஞ்சம் போனதும் மாஸ்டர் கறுப்பை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பச்சையை வாங்கிக்கொண்டார். இன்னும் கொஞ்சம் போனதும் பச்சையைக் கொடுத்துக் கறுப்பை வாங்கினார். தள்ளுகிறபோது பெடல் கெண்டைக்காலில் இடித்தது. பின்னால் மாட்டின பை சைக்கிளைச் சாய்க்கப் பார்த்தது. ஒரு கையை ஹேண்டிலிலும் ஒரு கையைச் சீட்டிலும் வைத்தால் சாயவில்லை. அது பிடிபட்டதும் மாசானத்தின் மூளை மறுபடியும் சுறுசுறுப்பாகிவிட்டது. தள்ளுவதற்கு எது தேவலை என்று யோசிக்க ஆரம்பித்தார். கறுப்பு முன்பக்கம் எழும்புகிறது, பச்சை கொஞ்சம் கனம், ஆனால் நேராக வருகிறது, இல்லை, கறுப்பில் பையை இன்னும் முன்னால் தள்ளி மாட்டினால்... வாய்விட்டே சொல்லிக்கொண்டு வந்தார்.

மாஸ்டர் சிரித்துவிட்டார்.

"நீங்க உண்மையிலே எதைத் தேடுதீக, அண்ணாச்சி?"

மாசானம் நடையை நிறுத்தவில்லை. ஒரு வைக்கோல் லாரி உறுமிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போயிற்று. அதிலிருந்து உதிர்ந்த வைக்கோல் அவர் தலையில் விழுந்தது. அதைத் தட்டிவிடவும் தோன்றவில்லை.

"இசக்கி ஏறிருவா மாஸ்டர்" என்றார் கடைசியில். "அவளுக்கு இந்த மேடெல்லாம் ஒண்ணும் செய்யாது. அவ கால் வார்டுல ஓடி ஓடி இரும்பா இருக்கு. நான் பாதியில எறங்கிருவேன். அவ மேல போய் நின்னு, என்னைத் திரும்பிப் பாத்துக்கிட்டு இருப்பா. நான் இப்படித் தள்ளிக்கிட்டு வருவேன். அந்தப் பார்வையை நெனைச்சுத்தான்..."

மூச்சு வாங்கினது மேட்டினால்தான் என்கிற மாதிரி நின்று, வாயைத் துடைத்துக்கொண்டார்.

"எறங்கவே வேண்டாத சைக்கிள் எதுன்னு மட்டும் சொல்லிருங்க. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

மாஸ்டர் அவருக்காக நின்றார். அப்புறம் ரெண்டு பேரும் மறுபடி நடந்தார்கள்.

"இசக்கி மதினி சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றார் மாஸ்டர்.

"என்னத்தை?"

"பொங்கலுக்கு முந்தி அவங்களும் நானும் இந்த மேட்டுக்கு வந்தோம். அவங்கதான் கூப்பிட்டாங்க. உங்களுக்குத் தெரியாது."

"ஏறிட்டாளா?"

"எறங்கிட்டாங்க. இப்ப நாம எறங்கினோமே, அதுக்கும் முந்தின வளைவுல."

மாசானம் திரும்பிப் பார்த்தார். கீழே ரோடு வளைந்து மரத்துக்குள் மறைந்திருந்தது.

"தள்ளிக்கிட்டே என்கிட்ட ஒண்ணு கேட்டாங்க."

"என்ன கேட்டா?"

மாஸ்டர் சைக்கிளை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"'அவரு தேடித் தேடி, எறங்கவே வேண்டாத சைக்கிளா ஒண்ணைக் கண்டுபிடிச்சிட்டா, இந்த மேட்டுல நான் யாரு கூட மாஸ்டர் நடப்பேன்?'னு கேட்டாங்க."

மாசானம் அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. மேடு இன்னும் பாக்கி இருந்தது. தள்ளிக்கொண்டே நடந்தார். கையில் இருப்பது கறுப்பா பச்சையா என்று அவர் குனிந்து பார்க்கவில்லை.